மைனஸ் 30 டிகிரியில் திறந்தவெளியில் நிற்கும் காருக்கு எந்த சிந்தெடிக் ஆயில்?

வாசகர் கேள்வி:

வேலை மாறுதலால் கடுங்குளிர் பகுதிக்கு வந்திருக்கிறேன். இங்கே குளிர்காலத்தில் விடியற்காலை மைனஸ் 28, மைனஸ் 30 டிகிரி சாதாரணம். சில நாட்கள் மைனஸ் 35 வரை இறங்கும் என்கிறார்கள். என் கார் 1.6 லிட்டர் டர்போ பெட்ரோல், 1,40,000 கி.மீ. ஓடியது. கராஜ் கிடையாது, வெட்டவெளியில்தான் நிற்கும். தினமும் அலுவலகத்துக்கு 6 கி.மீ. ஓட்டம். மேனுவலில் 5டபிள்யூ-30, 0டபிள்யூ-30, 5டபிள்யூ-40 மூன்றும் போட்டிருக்கிறது. தரம் ஏசிஇஏ சி3 (ஐரோப்பிய கார் தயாரிப்பாளர் சங்கத்தின் ஆயில் தரம்). மெக்கானிக்கோ, பழைய இன்ஜினுக்கு 10டபிள்யூ-40 சிந்தெடிக்தான் நல்லது, 0டபிள்யூ போட்டால் கோடையில் தண்ணீராகிவிடும், கசியும் என்கிறார். கடையில் பார்த்த இரண்டு ஆயில்களில் ஒன்றின் ஊற்றுநிலை (ஆயில் ஓடக்கூடிய கடைசிக் குளிர்) மைனஸ் 48, இன்னொன்று மைனஸ் 42. எதை நம்பி வாங்குவது?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் வாங்க வேண்டியது 0டபிள்யூ-30. அதில் ஏசிஇஏ சி3 தரமும், உங்கள் கார் நிறுவனத்தின் ஒப்புதல் எண்ணும் டப்பாவின் பின்பக்கத்தில் இருக்க வேண்டும். 10டபிள்யூ-40 வேண்டவே வேண்டாம். ஊற்றுநிலை எண்ணைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். காரணம் தெரிந்தால் அடுத்த முறை யாரையும் கேட்காமல் நீங்களே முடிவு செய்யலாம் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

டபிள்யூவுக்கு (வின்டர், அதாவது குளிர்காலம்) முன்னால் உள்ள எண்ணுக்கு எஸ்ஏஇ ஜே300 என்ற தரநிர்ணயத்தில் இரண்டு சோதனைகள் இருக்கின்றன. செல்ஃப் அடிக்கும்போது கிராங்க்ஷாஃப்ட் சுழலும் அளவுக்கு ஆயில் இளக்கமாக இருக்கிறதா என்று பார்ப்பது முதல் சோதனை. ஆயில் தயாரிப்பாளரின் டேட்டாஷீட்டில் இது சிசிஎஸ் என்று இருக்கும். சம்ப்பில் (இன்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) கிடக்கும் ஆயில் பம்ப்பின் வாய்க்கு ஓடி வருமா என்று பார்ப்பது இரண்டாவது, அது எம்ஆர்வி. 0டபிள்யூ என்று பெயர் வாங்க, மைனஸ் 35 டிகிரியில் சிசிஎஸ் 6,200 சென்டிபாய்ஸைத் தாண்டக் கூடாது (இது கெட்டித்தன்மையின் அலகு; எண் கூடினால் ஆயில் கெட்டி). 5டபிள்யூவுக்கு மைனஸ் 30-இல் 6,600. 10டபிள்யூவுக்கு மைனஸ் 25-இல் 7,000. 15டபிள்யூவுக்கு மைனஸ் 20-இல் 7,000. எம்ஆர்வி சோதனை ஒவ்வொன்றிலும் இன்னும் 5 டிகிரி கீழே நடக்கும், அதாவது 0டபிள்யூவுக்கு மைனஸ் 40, 5டபிள்யூவுக்கு மைனஸ் 35, 10டபிள்யூவுக்கு மைனஸ் 30. அதில் எல்லாவற்றுக்கும் ஒரே வரம்பு, 60,000 சென்டிபாய்ஸ்.

இந்தக் குளிரில் வெப்பநிலை 5 டிகிரி இறங்கினால் ஆயிலின் கெட்டித்தன்மை ஏறக்குறைய இரட்டிப்பாகும். வரம்பை ஒட்டி இருக்கும் ஒரு 10டபிள்யூ ஆயில் மைனஸ் 25-இல் 7,000 என்றால் மைனஸ் 30-இல் 14,000-ஐ நெருங்கும், உங்கள் ஊரின் மைனஸ் 35-இல் 28,000 பக்கம் போகும். அதே மைனஸ் 35-இல் 0டபிள்யூ 6,200-க்குள் நிற்கும். ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு 10டபிள்யூ நாலு மடங்குக்கும் மேலான சுமை. பேட்டரியின் நிலையோ நேர்மாறு: மைனஸ் 18 டிகிரியிலேயே அதன் திறன் ஏறக்குறைய பாதியாகிவிடும், மைனஸ் 30-இல் இன்னும் குறையும்.

செல்ஃப் எடுக்காமல் போவது இன்ஜினைக் கெடுக்காது. வேலைக்குத் தாமதமாகும், அவ்வளவுதான். கெடுப்பது, செல்ஃப் எடுத்து இன்ஜினும் ஓட ஆரம்பித்து, ஆயில் மட்டும் மேலே ஏறாமல் நிற்பது. சிசிஎஸ்ஸுக்கும் எம்ஆர்விக்கும் நடுவே 5 டிகிரி இடைவெளி விட்டிருப்பதே இதற்காகத்தான். ஆயில் பம்ப்புக்கு வராத குளிர் வருவதற்கு முன்பே இன்ஜின் சுற்ற மறுத்துவிட வேண்டும் என்பது கணக்கு. இன்னொரு வண்டியிலிருந்து கேபிள் போட்டு, பெரிய பேட்டரியின் பலத்தில் வற்புறுத்திச் சுற்ற வைக்கும்போது அந்தப் பாதுகாப்பை நாமே எடுத்துவிடுகிறோம். மைனஸ் 35-இல் 10டபிள்யூ-40 ஊற்றிய இன்ஜினை அப்படிக் கிளப்பினால் கேம்ஷாஃப்டும் டர்போவின் பேரிங்கும் எண்ணெயில்லாமல் சுற்றும். டர்போ சம்ப்பிலிருந்து தூரத்தில் இருக்கிறது, அதன் ஆயில் குழாயும் குறுகல். முதலில் அடிபடுவது அதுதான்.

ஆயில் பம்ப்புக்கு வராமல் போவதில் இரண்டு விதம் உண்டு. ஒன்று, ஆயில் வெறுமனே மிகவும் கெட்டியாகி ஸ்ட்ரெய்னர் வலையையும் உறிஞ்சு குழாயையும் கடக்க முடியாமல் திணறுவது. இன்னொன்று அதைவிட மோசம். ஆயிலில் உள்ள மெழுகு நுண்படிகங்களாகி, ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, ஆயிலை ஒரு ஜெல்லியாக நிறுத்திவிடும். பம்ப் உறிஞ்சியதும் ஸ்ட்ரெய்னரைச் சுற்றி இருந்த ஆயில் போய்விடும். ஈரக் களிமண்ணில் விரலை அழுத்தி எடுத்தால் குழி மூடாமல் நிற்பதுபோல அங்கே ஒரு பள்ளம் நிற்கும். சுற்றிலும் 4 லிட்டர் ஆயில் இருக்கும்போதே பம்ப் காற்றை உறிஞ்சும்.

ஊற்றுநிலை எண்ணை ஒதுக்கச் சொன்னது இதனால்தான். அந்தச் சோதனையில் ஒரு கண்ணாடிக் குழாயில் ஆயிலை வேகமாகக் குளிர வைத்து, 3 டிகிரிக்கு ஒருமுறை சாய்த்துப் பார்ப்பார்கள். படுக்கையாகப் பிடித்தும் 5 விநாடி அசையவில்லை என்றால் அதற்கு 3 டிகிரி மேலே உள்ளதுதான் ஊற்றுநிலை. வெட்டவெளியில் நிற்கும் கார் அப்படிக் குளிர்வதில்லை. இரவு முழுக்க மெல்ல மெல்லக் குளிரும், பகலில் சற்று ஏறும், மறுபடி இறங்கும். மெழுகுப் படிகம் வளர்வதற்கு அந்த நிதானம்தான் வேண்டும். 1980-81 குளிர்காலத்தில் அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் உள்ள சூ ஃபால்ஸ் பகுதியில் பல கார் இன்ஜின்கள் இப்படித்தான் போயின. அந்த ஆயில்கள் அன்றைய சோதனைகளில் தேறியவைதான். அதற்குப் பிறகே எம்ஆர்வி சோதனையில் ஆயிலை 45 மணி நேரத்துக்கும் மேலாக மெதுவாகக் குளிர வைக்கும் முறை வந்தது. எனவே நீங்கள் பார்த்த மைனஸ் 48, மைனஸ் 42 இரண்டும் உங்கள் முடிவுக்கு உதவாது. மைனஸ் 42 போட்ட ஆயில் குறைந்த எம்ஆர்வியோடு மற்றதைவிட நன்றாக ஓடுவதும் உண்டு. ஆயிலை ஃப்ரீசரில் வைத்துப் பார்ப்பதும் வீண். வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18-ஐ ஒட்டித்தான் இருக்கும்.

தயாரிப்பாளரின் டேட்டாஷீட்டைத் தேடி எடுங்கள். 0டபிள்யூ-30 இரண்டைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினால், மைனஸ் 35-இல் சிசிஎஸ் எவ்வளவு என்று ஒப்பிடுங்கள். 5,200-ம் 6,100-ம் ஒரே 0டபிள்யூதான், ஆனால் விடியற்காலை 5,200 இலகுவாகச் சுற்றும். மைனஸ் 40-இல் எம்ஆர்வி, நல்ல ஆயில்களில் 60,000 வரம்பின் பாதிக்கும் கீழே இருப்பது சாதாரணம். இரண்டு எண்களில் ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் எம்ஆர்வியைப் பாருங்கள்.

'சிந்தெடிக்' என்ற சொல் மட்டும் எந்தக் குளிருக்கும் உத்தரவாதம் இல்லை. மெக்கானிக் சொல்லும் 10டபிள்யூ-40-உம் சிந்தெடிக்தான். ஆனாலும் அதன் சிசிஎஸ் சோதனை மைனஸ் 25-இலேயே முடிந்துவிடுகிறது. ஆலையில் வேதிமுறையில் உருவாக்கும் பிஏஓ வகை அடிப்படை எண்ணெயில் மெழுகே இல்லை. குரூப் 3 எனப்படும் வகை கச்சா எண்ணெயிலிருந்து வருவது. அதில் மெழுகின் பெரும்பகுதியை வேதிமுறையில் மாற்றியிருப்பார்கள், மீதியை ஊற்றுநிலை குறைக்கும் சேர்மானம் பார்த்துக்கொள்ளும். பல நாடுகளில் இரண்டுமே சிந்தெடிக் என்ற பெயரில்தான் விற்பனைக்கு வருகின்றன. உங்களுக்கு அந்த வித்தியாசத்தைவிட 0டபிள்யூ என்ற எண் முக்கியம். சாதாரண மினரல் ஆயிலைக் கொண்டு அந்த எண்ணை எட்ட முடியாது.

கோடையில் தண்ணீராகிவிடும் என்ற பயத்துக்கு வருகிறேன். சூட்டில் ஆயில் எப்படி இருக்கும் என்பதைச் சொல்வது பின்னால் உள்ள 30. 100 டிகிரியில் 0டபிள்யூ-30, 5டபிள்யூ-30 இரண்டுமே 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸுக்குள்தான் (இதுவும் கெட்டித்தன்மையின் ஓர் அலகு) இருந்தாக வேண்டும். முன் எண் சிறிதாக இருக்கிறது என்பதற்காகச் சூட்டில் இளகிப்போகாது. இன்னொரு கோணத்தில் பாருங்கள்: 100 டிகிரியில் 12 இருக்கும் ஒரு 0டபிள்யூ-30, 40 டிகிரியில் 65-ஐ ஒட்டி இருக்கும். கோடைக் காலையில் கிளப்பும்போதுகூட அது இன்ஜின் விரும்புவதைவிடப் பல மடங்கு கெட்டிதான்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, கவனம். 0டபிள்யூ-30 என்ற பெயரிலேயே இரண்டு விதமான ஆயில்கள் கிடைக்கின்றன. 150 டிகிரி சூட்டில், பேரிங்கின் நெருக்கத்தில் ஆயில் படலம் எவ்வளவு தாங்கும் என்பதை எச்டிஎச்எஸ் என்ற எண் சொல்லும். 30 கிரேடுக்கு எஸ்ஏஇ கேட்பது குறைந்தது 2.9. ஏசிஇஏ சி3 கேட்பது குறைந்தது 3.5. எரிபொருள் சிக்கனத்துக்காக உருவான சி2, ஏ5/பி5 வகை 0டபிள்யூ-30-கள் 2.9-ஐ ஒட்டியே இருக்கலாம். உங்கள் மேனுவல் சி3 கேட்கிறது, டர்போ வேறு இருக்கிறது. முன்பக்கம் பெரிய எழுத்தில் 0டபிள்யூ-30 என்று பார்த்ததும் எடுத்து வராமல், பின்பக்கம் திருப்பி சி3 இருக்கிறதா என்று பாருங்கள். மெக்கானிக்கின் பயம் ஓரளவு நியாயமாவது இந்த மெல்லிய வகையை நினைத்தால்தான். ஆயில் ஆவியாகிக் குறையும் என்ற கவலைக்கும் சி3-இல் பதில் இருக்கிறது: 250 டிகிரியில் 1 மணி நேரம் வைத்தால் 13 சதவீதத்துக்கு மேல் ஆவியாகக் கூடாது என்பது அதன் நிபந்தனை.

கசிவுக்குக் காரணம் முதிர்ந்து விறைத்த ஆயில் சீல், 0டபிள்யூ அல்ல. வால்வ் கவர் கேஸ்கெட், கிராங்க்ஷாஃப்டின் பின் சீல், சம்ப் விளிம்பு ஆகிய இடங்களில் இப்போதே ஈரம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் குளிர் வருமுன் மாற்றிவிடுங்கள்; மைனஸ் 30-இல் ரப்பர் இன்னும் விறைக்கும். கோடையில் 1,000 கி.மீ.க்கு அரை லிட்டர் அளவுக்கு ஆயில் குறைகிறது என்றால், கோடைக்கு மட்டும் மேனுவலில் உள்ள 5டபிள்யூ-40 போடலாம். மெக்கானிக்கிடம் அதைச் சொல்லுங்கள், ஒப்புக்கொள்வார்.

5டபிள்யூ-30-ஐப் பற்றியும் ஒரு வார்த்தை. குளிர் மைனஸ் 25-ஐத் தாண்டாத இடமென்றால் அதுவே தாராளம், 0டபிள்யூவுக்குக் கூடுதல் செலவு தேவையில்லை. உங்கள் ஊரில் மைனஸ் 30-இல் அது தன் சிசிஎஸ் எல்லையில் நிற்கும், மைனஸ் 35-இல் எம்ஆர்வி எல்லைக்கே வந்துவிடும். புது ஆயிலுக்கே அதுதான் எல்லை; ஓடிப் பழகிய ஆயில் ஆக்சிஜனேற்றத்தால் இன்னும் தடிக்கும். சராசரியைப் பார்த்து ஆயில் வாங்கக் கூடாது, ஆண்டின் மிகக் குளிரான விடியலைப் பார்த்து வாங்க வேண்டும்.

ஆயில் மாற்றுவதைக் குளிர் தொடங்குமுன் முடித்துவிடுங்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போது, சமதரையில் நிறுத்தி, டிரெய்ன் போல்ட்டைக் கழற்றி 15 நிமிடம் வடியவிடுங்கள். போல்ட்டின் வாஷர் புதிதாக இருக்கட்டும். எவ்வளவு வடித்தாலும் பழைய ஆயில் கொஞ்சம் உள்ளே தங்கத்தான் செய்யும். இப்போது இருப்பது சி3 ஆயில் என்றால் ஃப்ளஷ் எதுவும் வேண்டாம். மேனுவலில் உள்ள அளவைவிட அரை லிட்டர் குறைத்து ஊற்றி, 1 நிமிடம் ஓட விட்டு நிறுத்தி, 10 நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் பார்த்து மீதியைச் சேருங்கள். மேல்கோட்டைத் தாண்ட விடாதீர்கள்.

ஃபில்டரையும் சேர்த்து மாற்றுங்கள். கெட்டியான ஆயில் ஃபில்டர் காகிதத்தைக் கடக்க முடியாதபோது பைபாஸ் வால்வ் திறந்து, வடிகட்டாத ஆயிலே இன்ஜினுக்குப் போகும். ஃபில்டர் அடைத்திருந்தால் வால்வ் இன்னும் நேரம் திறந்தே நிற்கும். உருளை ஃபில்டராக இருந்தால், ஆயில் பின்னால் வடிந்துவிடாமல் தடுக்கும் உள் ரப்பர் தகடு சிலிக்கோனில் செய்ததாகப் பார்த்து வாங்குங்கள். சாதாரண நைட்ரைல் ரப்பர் கடுங்குளிரில் விறைத்து, இரவில் ஃபில்டர் காலியாகிவிடும். காலையில் அது நிரம்பும் வரை பேரிங்குக்கு ஆயில் போகாது.

இனி உங்கள் 6 கி.மீ. ஓட்டம். எந்த ஆயில் வாங்குவது என்பதைவிட என்னை அதிகம் உறுத்துவது இதுதான். மைனஸ் 30-இல் 6 கி.மீ. போவதற்குள் கூலன்ட் முள் நடுவுக்கு வந்திருக்கலாம், ஆனால் ஆயில் சூடாக அதைவிட வெகுநேரம் பிடிக்கும். குளிர்ந்த இன்ஜினுக்குக் கூடுதலாகப் போகும் பெட்ரோலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவரில் வழிந்து சம்ப்பில் இறங்கும். எரிவதில் உண்டாகும் நீராவியும் உள்ளே தண்ணீராகப் படியும். ஆயில் 90 டிகிரிக்கு மேல் சூடாகி அரை மணி நேரம் ஓடினால்தான் இரண்டும் ஆவியாகி வெளியேறும். எனவே வாரத்துக்கு ஒருமுறையாவது நெடுஞ்சாலையில் 40 நிமிடம் நிற்காமல் ஓட்டுங்கள். நின்ற இடத்தில் ஐட்லிங்கில் விட்டால் ஆயில் சூடாகாது, பெட்ரோல் கலப்பதுதான் கூடும்.

வாரம் ஒருமுறை டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் மட்டம் குறையாமல் இருப்பது நல்லது; ஏறுவது நல்லதல்ல. ஏறியிருந்து பெட்ரோல் வாடையும் அடித்தால், கி.மீ. பார்க்காமல் ஆயிலை மாற்றிவிடுங்கள். மூடிக்கு அடியில் வெண்ணிறக் குழம்பு படிந்திருந்தால் குளிர்காலத்தில் அது பெரும்பாலும் வெறும் ஈரம்தான். கூலன்ட் மட்டமும் கூடவே குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். உங்கள் ஓட்டத்துக்கு மேனுவலில் 'கடினப் பயன்பாடு' என்று தனி அட்டவணை இருக்கும், அதைப் பின்பற்றுங்கள். இல்லையென்றால் சாதாரண இடைவெளியைப் பாதியாக்குங்கள்.

இந்த ஈரம் இன்னொரு வம்பையும் இழுத்துவரும். கிராங்க்கேஸின் ஆவியை வெளியேற்றும் பிசிவி குழாயில் அது பனிக்கட்டியாக உறைந்து அடைத்துவிடும். உள்ளே அழுத்தம் ஏறி டிப்ஸ்டிக் மேலே எழும்பும், முற்றினால் பின் சீலையே தள்ளிவிடும். அப்படிக் கசிந்தால் 0டபிள்யூ மேல்தான் பழி விழும். குளிருக்கு முன் பிசிவி வால்வையும் குழாயையும் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

மின்சார வசதி இருந்தால் பிளாக் ஹீட்டர் பொருத்துங்கள். 400 முதல் 1,000 வாட் வரை வருகிறது. கிளம்புமுன் 2 அல்லது 3 மணி நேரம் போட்டால் போதும், இரவு முழுக்க வேண்டாம். அது சூடாக்குவது கூலன்டைத்தான், சம்ப் ஆயிலுக்கு அந்தச் சூடு குறைவாகவே போய்ச் சேரும். சம்ப்பின் அடியில் ஒட்டும் சிலிக்கோன் ஹீட்டர் பட்டையும் சேர்த்துப் போட்டால் மைனஸ் 35 நாட்களில் நிம்மதி. சம்ப்பின் அடியில் தீ வைத்துச் சூடாக்கும் வழக்கத்தை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். ஆயிலை இளக்க மண்ணெண்ணெய் கலப்பதும், கடையில் விற்கும் உறைவுத்தடுப்பு மருந்து ஊற்றுவதும் கூடாது. ஆயிலில் ஏற்கெனவே அளந்து சேர்த்திருக்கும் சேர்மானங்களின் கணக்கு அதனால் கெடும்.

கிளப்பும்போது ஹீட்டர் ஃபேன், விளக்கு எல்லாம் அணைந்திருக்கட்டும். மேனுவல் கியர் என்றால் கிளட்ச்சை முழுக்க மிதியுங்கள். கியர்பாக்ஸ் ஆயிலும் உறைந்த மாதிரிதான் இருக்கும். ஒரே மூச்சில் 10 விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள், 1 நிமிடம் விட்டு மறுபடி முயலுங்கள். ஸ்டார்ட் ஆனதும் கண் ஆயில் பிரஷர் விளக்கின் மேல் இருக்கட்டும். சில விநாடிகளில் அணைய வேண்டும். 10 விநாடியாகியும் அணையவில்லை என்றால் உடனே நிறுத்திவிடுங்கள், ஆக்சிலரேட்டரை மிதித்துப் பார்க்க வேண்டாம். கெட்டி ஆயிலில் ரேஸ் கொடுத்தால் ரிலீஃப் வால்வ் திறந்து ஆயில் சம்ப்புக்கே திரும்பும். பேரிங்குக்குக் கூடுதலாக ஒரு சொட்டும் போகாது. விளக்கு அணைந்தால் அரை நிமிடம் பொறுத்து, 2,500 சுற்றுக்கு மேல் போகாமல் மெதுவாக ஓட்டத் தொடங்கலாம். ஊருக்குள் இருக்கும்வரை அந்த வேகமே போதும்.

நடுவில் ஆயில் குறைந்து அதே 0டபிள்யூ-30 கிடைக்காவிட்டால், சி3 தரமுள்ள 5டபிள்யூ-30 அரை லிட்டர் சேர்ப்பதில் தவறில்லை. அதற்கு மேல் போனால் குளிர்த்தாங்கல் எவ்வளவு குறைந்தது என்று கணக்கிட வழியில்லை. மைனஸ் 35 வருமுன் மாற்றிவிடுவது நல்லது. அந்த நிலை வராமலிருக்க, வாங்கும்போதே 1 லிட்டர் கூடுதலாக வாங்கி வையுங்கள். டிக்கியில் வேண்டாம், வீட்டுக்குள் வையுங்கள். இரவெல்லாம் மைனஸ் 30-இல் கிடந்த டப்பாவிலிருந்து புனலில் அரை லிட்டர் இறங்குவதற்குள் உங்கள் விரல் மரத்துவிடும்.